சருகு கூட்டுவது: எதை அள்ளுவது, எதை விடுவது, எதைக் கையில் எடுப்பது

மாசி பிறந்தால் வேம்பு கொட்டத் தொடங்கும். திருகோணமலைப் பக்கம் வளவு வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கூட்டி முடித்துக் கை கழுவிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் முற்றம் பழையபடி மஞ்சளாகக் கிடக்கும். வேம்பு ஓய்ந்து, செப்பு நிறத்தில் தளிர் விட்டு, சித்திரைக்குப் பூத்து, அந்தப் பூவும் கொட்டி முடிகிற நேரம் பார்த்து மேற்கிலிருந்து கச்சான் காற்று சூடாக இறங்கி மா, பலா, வாதுமை எல்லாவற்றையும் உலுப்பி விடும். பிறகு மாரி வந்தால் தென்னோலையும் முறிந்த கொப்புகளும். சருகு இல்லாத மாதம் என்று இங்கே ஒன்றும் இல்லை, அதனால் ஒருக்கா முழுதாகத் துப்புரவாக்கி விடுவோம் என்று இறங்கினால் நாரி நோவதுதான் மிச்சம்.

அதனால் முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்த ஆயுதம் வாங்குவது என்பதை அல்ல, எந்த இடத்தைக் கூட்டுவது, எந்த இடத்தை அப்படியே விடுவது என்பதைத்தான்.

உப்புவெளி, நிலாவெளி, சாம்பல்தீவு என்று கடலோரமாகப் போனால் நிலம் மணல். காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் கீழே போய்விடும், போட்ட உரமும் அதோடு போகும். இந்த மண்ணில் தண்ணீரைப் பிடித்து வைக்கக் காசு செலவில்லாமல் கிடைக்கிற ஒரே பொருள் சருகுதான். அதைக் கூட்டி அள்ளி வேலிக்கு வெளியே கொட்டிவிட்டு, மாமரத்துக்கு மோட்டார் போட்டுத் தண்ணீர் இறைக்கிறோம். இன்னொன்றும் இருக்கிறது. பழைய வீடுகளில் மாமரத்தையும் தென்னையையும் பாருங்கள், வேர் மண்ணுக்கு மேலே எழும்பி நிற்கும். மழை அரித்ததும் உண்டுதான், ஆனால் வருடக் கணக்கில் தினமும் விளக்குமாற்றோடு போன மணலுக்கும் அதில் பெரிய பங்கு இருக்கிறது.

ஆகவே என் கணக்கு இதுதான். கால் படுகிற இடத்தைக் கூட்டுங்கள்: வாசல், கிணற்றடி, குசினிப் பக்கம், வாகனம் விடுகிற இடம், பிள்ளைகள் விளையாடுகிற இடம், இரவில் கழிவறைக்குப் போகிற பாதை. வீட்டுச் சுவரிலிருந்து இரண்டு பாகம் (ஒரு பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம்) தூரத்துக்கு ஒரு சருகும் இருக்கக் கூடாது, ஏனென்றால் கறையானும் பாம்பும் அந்த வழியாகத்தான் உள்ளே வரும். மற்ற இடத்தில், மரத்தடியில், வேலியோரத்தில் கிடப்பது கிடக்கட்டும். மரத்தைச் சுற்றிச் சருகைப் பரப்புவதானால் அடிமரத்தில் முட்டாமல் ஒரு சாண் விட்டுப் பரப்புங்கள், முட்டிக்கொண்டு ஈரமாகக் கிடந்தால் பட்டை அழுகும். தென்னைக்கு ஐந்தாறு அடி விட்டம் என்று கஞ்சத்தனம் பார்க்காமல், அடியிலிருந்து எல்லாப் பக்கமும் ஐந்தாறு அடி தள்ளிப் போகிற வட்டமாகப் போடலாம்.

பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன பிள்ளை, வளவு காடாக் கிடக்குது" என்று கேட்பார். கேட்கத்தான் செய்வார், வெறும் மணல் தெரிகிற முற்றம்தான் நல்ல குடும்பத்துக்கு அடையாளம் என்று வளர்ந்த ஊர் இது. அதற்கு ஒரு தந்திரம் இருக்கிறது. சருகு விடுகிற இடத்தின் விளிம்பில் தேங்காய்ப் பொச்சு மட்டையைக் கவிழ்த்து வரிசையாக அடுக்கி விடுங்கள். உள்ளே கிடப்பது அதே சருகுதான், ஆனால் வேண்டுமென்றே வைத்தது போலத் தெரியும், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மட்டை ஈரத்தையும் பிடித்து வைக்கும்.

சரி, கூட்டுகிற இடத்துக்கு வருவோம்.

ஈர்க்கு விளக்குமாறு

இதை மிஞ்ச ஒன்றும் வரவில்லை. வேம்பு, முருங்கை, புளி மாதிரிச் சின்ன இலை கொட்டுகிற வளவில் வேறு எதை வாங்கினாலும் கடைசியில் இதைத்தான் எடுக்க வேண்டி வரும், ஏனென்றால் வாரியின் பற்களுக்கு நடுவால் அந்த இலைகள் நழுவிப் போய்விடும். ஆனால் கடையில் தொங்குகிற கட்டில் முதலாவதைக் கழற்றிக்கொண்டு வராதீர்கள். நடுவிலிருந்து ஒரு ஈர்க்கைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், கையோடு வந்தால் வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். ஈர்க்கு முற்றிய ஓலையிலிருந்து சீவியதாக, மண்ணிறமாக இருக்க வேண்டும். பச்சை வாடையோடு இருந்தால் வீட்டுக்கு வந்து காய்ந்து சுருங்கி, கட்டுத் தளர்ந்து, கூட்டக் கூட்ட ஒவ்வொன்றாக முற்றத்தில் உதிரும், பிறகு சருகோடு சேர்த்து அதையும் பொறுக்க வேண்டும். அடியைச் சீமெந்துத் தரையில் நாலு குத்துக் குத்தினால் ஈர்க்குகள் மட்டமாகி இறுகும். அதற்கும் அடங்காவிட்டால் கட்டின் நடுவில் விரல் மொத்தத்தில் ஒரு தடியைக் கூராகச் சீவி அடித்து இறக்குங்கள், ஆப்பு வைத்த மாதிரி இறுகிவிடும்.

குட்டையானதா, தடி போட்டதா? வளவு பெரிதென்றால் தடி போட்டதுதான். நிமிர்த்திப் பிடித்தால் தடியின் நுனி உங்கள் நாடிக்கு வர வேண்டும், அதைவிடக் குறைந்தால் குனிந்து குனிந்து நாரி போய்விடும். விசிறி போல விரித்துக் கட்டியதா என்றும் பாருங்கள், உருண்டையாகக் கட்டியது ஒரு இழுப்பில் பாதி அகலம்தான் கூட்டும்.

மணலில் கூட்டுகிற விதமே வேறு. விளக்குமாற்றைக் குத்த நிறுத்திக் கூட்டினால் சருகில் பாதி, மணலில் பாதி வரும். நன்றாகப் படுக்கப் பிடித்து, நுனி மட்டும் தடவிக்கொண்டு போகிற மாதிரி, நீளமாக, மெதுவாக இழுங்கள். புதிய விளக்குமாற்றின் நுனி மெல்லியதாக வளைந்து கொடுக்கும், அதனால் மணலுக்குப் புதியதுதான் நல்லது. தேய்ந்து பாதியானதும் விறைத்துவிடும், அப்போது அதைச் சீமெந்துத் தரைக்கும் கானுக்கும் கிணற்றடிப் பாசிக்கும் மாற்றிவிடுங்கள், எறிய வேண்டாம். தும்புத்தடியை மட்டும் வளவுக்குள் கொண்டு வராதீர்கள். அது விறாந்தைக்கு. ஈரச் சருகில் ஒருக்கா இழுத்தால் தும்பெல்லாம் ஒட்டிக்கொண்டு பிறகு வீட்டுக்குள்ளும் எடுக்க முடியாது.

நேரம்: விடியப்புறம். பனி ஈரத்தில் தூசி எழும்பாது, சருகும் பறக்காது. விளக்கு வைத்த பிறகு கூட்டக் கூடாது என்று வீட்டில் சொல்வதை நீங்கள் எப்படி எடுத்தாலும், இருட்டில் சருகுக்குள் என்ன கிடக்கிறது என்று தெரியாது, அந்தக் காரணம் ஒன்றே போதும். பகலில் கூட்டுவதென்றால் காற்றோடு போங்கள். கச்சான் காலத்தில் காலையில் காற்று மேற்கிலிருந்து வரும், பின்னேரம் கடற்காற்று பல நாளில் கிழக்கிலிருந்து திரும்பும், ஆகவே காலையில் தொடங்கிய திசையில் பின்னேரமும் கூட்டினால் அள்ளியதெல்லாம் முகத்துக்கு வரும்.

வாரி

மா, பலா, வாதுமை, தேக்கு மாதிரிப் பெரிய இலைக்கு வாரி கெதியானது. இதில் பலர் தவறான சாமானை வாங்கி வருகிறார்கள். குட்டையான, தடித்த இரும்புப் பற்கள் உள்ளது மண்ணைக் கிளறி மட்டப்படுத்துவதற்கு. அதால் சருகை இழுத்தால் பற்களில் இலை குத்திக்கொண்டு நிற்கும், ஒவ்வொரு இழுப்புக்கும் நின்று கழற்ற வேண்டும். சருகுக்கு வேண்டியது விசிறி மாதிரி விரிந்த, வளைந்து கொடுக்கிற பற்கள் உள்ள வாரி.

அதிலும் கம்பியா பிளாஸ்ரிக்கா என்று கேட்டால், புல்தரைக்குக் கம்பி, மணலுக்கும் கற்குறுணி போட்ட இடத்துக்கும் பிளாஸ்ரிக். கம்பிப் பல் புல்லுக்குள் புகுந்து சருகைக் கிளப்பி எடுக்கும், மணலில் அதே பல் உழுதுகொண்டு போகும். பிளாஸ்ரிக் வாரியை வெயிலில் சாத்தி வைத்தால் பற்கள் நொறுங்கத் தொடங்கும், நிழலில் வையுங்கள். அகலத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரியும் கிடைக்கிறது, குரோட்டன் சாடிகளுக்கு இடையில் ஒடுக்கி விடலாம், நல்ல வசதி. ஆனால் கடற்காற்று அடிக்கிற இடத்தில் முதலில் துருப்பிடித்து இறுகுவது அந்த நகர்கிற துண்டுதான். எதை வாங்கினாலும் தலையும் தடியும் சேர்கிற இடத்தைப் பாருங்கள். வெறும் இறுக்கத்தில் நிற்பது வேண்டாம், திருகாணி போட்டதாக இருக்கட்டும்.

கடற்கரைப் பக்கம் சவுக்கு நிற்கிற வளவுகளில் ஊசி ஊசியாக உதிர்ந்து பின்னிக்கொண்டு கிடக்கும். அதை விளக்குமாற்றால் கூட்டப் போனால் விடியாது. கம்பி வாரியால் ஒரு ஓரத்திலிருந்து மெதுவாக இழுத்தால் பாய் சுருட்டுகிற மாதிரி உருண்டு வரும்.

அள்ளுவதற்கு

குவித்த பிறகு அள்ளுவதில்தான் நேரம் போகிறது, அதை யாரும் யோசிப்பதில்லை. கடகம் நல்லது, ஆனால் சருகுக்கு அது சின்னது, பத்துத் தரம் நடக்க வேண்டும். இரண்டு உரப்பைகளின் தையலைப் பிரித்து விரித்து ஒன்றாகத் தைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கிழிந்த படங்கில் ஒரு துண்டு. அதை நிலத்தில் விரித்து, சருகை நேரே அதற்கு மேலே இழுத்து, நாலு மூலையையும் சேர்த்துப் பிடித்து இழுத்துக்கொண்டு போனால் ஒரே நடையில் ஒரு குவியல் போய்விடும், தூக்கவே தேவையில்லை. மிச்சம் மீதியை அள்ளப் பழைய சுளகு ஒன்று, எதிர்ப்பக்கம் தள்ள ஒரு பலகைத் துண்டு.

கையை உள்ளே விடுகிறதுக்கு முன் ஒரு நீளத் தடியால் குவியலைத் தட்டிக் கிளறுங்கள். தேள், மட்டத்தேள் எல்லாம் சருகுக்குள் இருக்கும். புடையனும் சுருட்டையும் இன்னும் மோசம், நிறமும் சருகோடு ஒத்துப் போகும், ஆள் வந்தாலும் பெரும்பாலும் ஓடாமல் சுருண்டு அப்படியே கிடக்கும். இரவு முழுக்கக் கிடந்த குவியலைக் காலையில் வெறுங்கையால் அள்ளுவது சரியில்லை. கூட்டிய அன்றே அள்ளுங்கள். காலில் பூட்ஸ், கையில் தடித்த கையுறை. கடித்தால் கட்டுவது, கீறுவது ஒன்றும் வேண்டாம், கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரி.

புளோவர் வாங்கலாமா?

வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர்கள் வீடியோ காட்டி ஆசை மூட்டுகிற சாமான் இது, காற்றை ஊதிச் சருகைத் தள்ளுகிற மெசின். மணல் முற்றத்துக்கு வேண்டாம். சருகை விட மணலைத்தான் அது கூடக் கிளப்பும், யன்னல் எல்லாம் தூசி, பக்கத்து வீட்டுக் கொடியில் காய்கிற உடுப்பிலும் தூசி, பிறகு சண்டை. இன்டர்லொக் கல் பதித்த நீளமான முற்றம், கடற்கரை விடுதிகளின் நடைபாதை, சீமெந்துக் கான், இவற்றுக்குப் பிரயோசனமானதுதான், மறுக்கவில்லை. சருகு காய்ந்திருக்க வேண்டும். நனைந்து சீமெந்தில் ஒட்டிய முருங்கை இலையை எந்த மெசினாலும் ஊதி எடுக்க முடியாது.

வாங்குவதானால் காற்றின் வேகத்தை மட்டும் பெட்டியில் பார்த்து ஏமாறாதீர்கள், எவ்வளவு காற்றைத் தள்ளுகிறது என்ற கணக்கும் பக்கத்தில் இருக்கும், சருகுக்கு அதுதான் முக்கியம். வேகம் ஒட்டியதைக் கிளப்பும், அளவுதான் குவியலை நகர்த்தும். பெற்றோல் மெசின் பலமானது, ஆனால் டூ ஸ்ட்ரோக் என்றால் எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும், எந்த விகிதம் என்பது மெசினுக்கு மெசின் மாறும், புத்தகத்தில் உள்ளபடி கலவுங்கள். சத்தம் 90 டெசிபெலைத் தாண்டும், காதுக்கு அடைப்பான் இல்லாமல் போடக் கூடாது. பற்றரி மெசின் சின்ன வளவுக்குப் போதும். வீட்டில் ஏற்கெனவே ஒரு பற்றரி ட்ரில் இருந்தால் அதே கொம்பனியின் அதே பற்றரிக்குப் பொருந்துகிற புளோவரை உடம்பு மட்டும் வாங்கலாம், பாதிக் காசு மிஞ்சும், ஏனென்றால் விலையில் பெரும் பங்கு பற்றரிக்குத்தான். 2 ஆம்பியர் அவர் (Ah) பற்றரி முழு வேகத்தில் கால் மணித்தியாலம்கூடத் தாங்காது என்பதை மனதில் வையுங்கள், 4 என்றால் பரவாயில்லை. வயர் உள்ள மெசின் மலிவு, ஆனால் வீட்டில் ட்ரிப் சுவிச் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, ஈரமில்லாத தரையில் மட்டும்.

குவித்ததை என்ன செய்வது

கொளுத்துவதுதான் வழக்கம். பின்னேரம் மூட்டினால் நுளம்பு போகும் என்பார்கள். புகை நிற்கிற வரைக்கும் கொஞ்சம் விலகும், பிறகு வரும், இடையில் இழுப்பு உள்ளவர்கள் படுகிற பாடு வேறு. கச்சான் அடிக்கிற மாதங்களில் ஒரு பொறி கிடுகு வேலியில் விழுந்தால் வடலிக்கும் பக்கத்துக் கொட்டிலுக்கும் பாய எவ்வளவு நேரம்? மரத்தடியில் மூட்டினால் மேலாக ஓடுகிற சல்லி வேர்களும் கருகும். நோய் விழுந்த இலை, முள்ளு, இப்படித் தவிர்க்க முடியாததை மட்டும் காற்றில்லாத காலையில், வெட்ட வெளியில், பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரோடு.

உக்க வைப்பது கஷ்டமே இல்லை. நிழலான மூலையில் நாலு கட்டை நட்டு, சுற்றிக் கோழிக்கூட்டுக் கம்பிவலை கட்டி, உள்ளே போட்டு மிதித்து நனைத்துக்கொண்டே வாருங்கள். பழைய மீன்வலை இந்த ஊரில் சும்மா கிடைக்கும்தான், ஆனால் நைலோன் வலையில் சாரைப்பாம்பும் உடும்பும் சிக்கிச் சாகும், அதை வெட்டி எடுக்கிற வேலையும் உங்களுக்குத்தான். வலையைக் கிணற்று வாய்க்கு இழுத்துக் கட்டுங்கள், இலை விழாமல் இருக்கும்.

வெறும் காய்ந்த சருகு உக்க மாதக் கணக்காகும், மாவிலையும் பலா இலையும் தடித்த தோல் என்பதால் இன்னும் பிந்தும். கெதியாக வேண்டுமென்றால் அதற்குப் பச்சை சேர்க்க வேண்டும். வேலியில் நிற்கிற கிளிசரியாவை வெட்டி அதன் இலையை ஒரு படை, சருகு இரண்டு மூன்று படை, இடையில் மாட்டுச் சாணம் கிடைத்தால் கரைத்து ஊற்றுங்கள். மீன் கழுவின தண்ணீரும் நல்லது, அதை ஊற்றினால் மேலே சருகு போட்டு மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் நாயும் காகமும் கிளறும். குவியல் மூன்றடிக்கு மூன்றடியாவது இருந்தால்தான் உள்ளே சூடு பிடிக்கும். கையில் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும், ஒழுகினால் தண்ணீர் கூடிவிட்டது, ஒன்றும் வராவிட்டால் காணாது. இரண்டு கிழமைக்கு ஒருக்கா புரட்டுங்கள்.

புரட்டுவது காற்றுக்காக மட்டுமல்ல. தென்னையைத் துளைக்கிற காண்டாமிருக வண்டு முட்டையிடுவது இப்படி உக்குகிற குப்பைக்குள்ளும் சாணக் குவியலுக்குள்ளும்தான். பெருவிரல் மொத்தத்தில் வெள்ளையாக வளைந்து கிடக்கிற புழுக்களைக் கண்டால் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள், சந்தோஷமாகத் தின்னும்.

உக்க வைக்கப் பொறுமை இல்லாதவர்கள் பழுத்து விழுந்த பலா இலையை ஆடு வளர்க்கிற வீட்டுக்குக் கொடுக்கலாம், கேட்டு வாங்கிப் போவார்கள். வாதுமை இலையை மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் தண்ணீருக்குள் போடுவார்கள், அதற்கும் ஆள் உண்டு. ஆனால் அந்த இலையை மழைக்கு முன் சீமெந்துத் தரையிலிருந்து எடுத்துவிடுங்கள், நனைந்தால் தேயிலைச் சாயம் போலக் கறை இறங்கும், தேய்த்தாலும் கெதியில் போகாது. எதைச் செய்தாலும் சருகையும் சாப்பாட்டு மிச்சத்தையும் ஒன்றாகப் பொலித்தீனில் கட்டி வீதியோரம் வைக்காதீர்கள். டவுனுக்குள் இருப்பவர்களுக்குத் தெரியும், கோட்டை மான்கள் வந்து கிழித்து, பையையும் சேர்த்துத் தின்னும்.

மாரிக்கு முன்

ஐப்பசி பிறக்கிறதுக்குள் கூரைப் பீலியும் கானும் வெளிக்க வேண்டும். காய்ந்திருக்கும்போதே ஏணி வைத்து ஏறுங்கள், கீழே ஒருவர் பிடிக்கட்டும். பீலிக்குள் அள்ள, பிளாஸ்ரிக் போத்தலைச் சரிவாக வெட்டினால் அளவாகப் பொருந்துகிற அகப்பை கிடைக்கும். வேப்பஞ்சருகு உள்ளே உக்கிச் சேறாகிக் குழாய் வாயை அடைத்தால், முதல் மழையிலேயே தண்ணீர் சுவரால் இறங்கும்.

சருகோடு கிடக்கிற சிரட்டை, தென்னம்பாளை, யோகட் கப், இவற்றில் தேங்குகிற தண்ணீர்தான் டெங்கு நுளம்புக்கு வீடு. முட்டை நுளம்பாகப் பறக்க ஒரு கிழமை, பத்து நாள் போதும். ஆகவே மாரியில் வளவைக் கிழமைக்கு ஒருக்காவாவது சுற்றிக் கவிழ்க்க வேண்டியதைக் கவிழ்த்துவிடுங்கள். 2017இல் கிண்ணியாவில் டெங்கு பரவியதை இந்தப் பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மரத்தடியில் நான் விடச் சொன்ன சருகுக்குள்ளும் கவிழ்ந்த சிரட்டை மட்டும்தான் இருக்கலாம், நிமிர்ந்தது இருக்கக் கூடாது.

வேலை முடிந்ததும் வாரியை மணல் போகக் கழுவி, காய விட்டு, கம்பிப் பற்களில் தேங்காய் எண்ணெயோ பழைய என்ஜின் ஒயிலோ துணியால் பூசி வையுங்கள், உப்புக் காற்றில் பூசாத இரும்பு கெதியில் போய்விடும். விளக்குமாற்றை ஈர நிலத்தில் நிறுத்தி வைத்தால் நுனி வளைந்து உக்கும், தலைகீழாகச் சாத்துங்கள், அல்லது கயிறு போட்டுக் கூரை இறப்பில் மாட்டுங்கள்.